பழந்துருக்கியின் தபால் முத்திரைகள்: அறிதலும் சேகரித்தலும்

முத்திரை சேகரிக்கும் மாணவனின் ஏட்டிலே ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பக்கம் இருக்கும். அவற்றுள் ஒரு பக்கம் மட்டும் பெயரின்றியோ, பிழையான பெயருடனோ கிடக்கும். அரபு எழுத்துத் தோன்றும் முத்திரை எதுவாயினும் படிக்க இயலாமையால் அப்பக்கத்திற் சென்று ஒதுங்கும். நாம் மாணவராயிருந்த காலத்தில் எமது ஏட்டிலும் அத்தகைய பக்கமொன்று இருந்தது. அதன் தலைப்பில் "அராபியா" என அழகாக எழுதியும் வைத்திருந்தோம். பல்லாண்டுகள் கழித்து அதனை விளக்கொளியில் விரித்து ஆராய்ந்தபோது, அங்கிருந்த இருபத்திரண்டு முத்திரைகளுள் அராபியாவுக்கு உரியது ஒன்றேனும் இல்லை என்பது தெளிவாயிற்று. இரண்டு பாரசீகத்துக்கு உரியவை. மூன்று ஐதராபாத்து நிசாமின் அரசுக்கு உரியவை. எஞ்சிய பதினேழும் பழந்துருக்கியினுடையவை.

கடிதம் எழுதும் வழக்கமே அருகிவிட்ட இந்நாளில் முத்திரை ஏடுகள் பல வீட்டுப் பெட்டிகளின் அடியிலே உறங்குகின்றன. பாட்டனாரின் ஏடு பேரன் கைக்கு வரும்போது, படிக்கக்கூடிய முத்திரைகள் தப்பிப் பிழைக்கின்றன. படிக்க முடியாதவை குப்பையோடு போகின்றன. துருக்கி முத்திரைக்கு நேரும் கதி பெரும்பாலும் இதுவே. அவற்றை வெளியிட்ட ஒட்டோமன் பேரரசோ இன்று உலகப் படத்தில் இல்லை. சலோனிக்காவும் பெய்ரூத்தும் எருசலேமும் பக்தாதும் மக்காவும் ஒரே தபாற் சேவையின் கீழ் இருந்தன என்பதற்கு அங்குல அளவேயான இக்கடதாசித் துண்டுகள் நேரிற் கண்ட சான்றுகள். ஆகவே, எழுத்தறியாதவரும் இவற்றை இனங்கண்டு வரிசைப்படுத்தும் வழியை, நாம் பட்டறிந்த அளவில், இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

முதலிற் கண்ணிற் பட வேண்டியது துக்ரா என்னும் சுல்தானின் கையொப்பச் சின்னம். பின்னிய கோடுகளாலான ஒரு கோலம் போல அது தோன்றும். மேலே மூன்று நெடுங்கோடுகள் நிமிர்ந்து நிற்கும்; இடப்புறம் ஒன்றனுள் ஒன்றாய் இரு நீள்வட்டங்கள் வளையும்; அவற்றின் நுனிகள் வலப்புறமாக இரு நீண்ட கைகளாய் ஓடும்; அடியிலே எழுத்துக்கள் செறிந்திருக்கும். சுல்தானின் பெயரும், அவர் தந்தையின் பெயரும், "என்றும் வெற்றியுடையோன்" என்னும் பொருள்படும் சொற்களும் அதனுள்ளே அடங்கியுள்ளன. பிரித்தானிய முத்திரையில் அரசியின் தலை எந்த இடத்தைப் பெற்றதோ, அந்த இடத்தைத் துருக்கி முத்திரையில் துக்ரா பெற்றது. உயிருள்ள மனிதரின் உருவம் அவர்களுடைய முத்திரையில் 1914 வரை இடம்பெறவில்லை.

சுல்தான் மாறத் துக்ராவும் மாறும். முத்திரைகளின் காலத்தில் அரசாண்டோர் ஐவர்: அப்துல் அசீஸ் 1861 முதல் 1876 வரை, ஐந்தாம் முராத் 1876 இல் மூன்று மாதங்கள் மட்டும், இரண்டாம் அப்துல் ஹமீத் 1909 வரை, ஐந்தாம் மெஹ்மெத் றெஷாத் 1918 வரை, ஆறாம் மெஹ்மெத் வஹிதெத்தின் 1922 வரை. துக்ராவின் வலப்புற மேல்மூலையிற் சிறிய எழுத்துத் தொடரொன்று தனித்து நிற்பதைக் கவனித்தல் வேண்டும். அப்துல் ஹமீதின் துக்ராவில் அது "எல் காசி" என்னும் போர்வீரப் பட்டம். 1909 இல் வந்த தொடரில் அது "றெஷாத்" என்னும் பெயர். அரபு எழுத்துத் தெரியாதவரும் இவ்விரு வடிவங்களையும் இரண்டொரு முறை உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கினால், எமது கோயில் கோபுரத்தையும் தேரையும் வேறுபடுத்துமாப்போல எளிதில் வேறுபடுத்திக்கொள்வர்.

அடுத்தது எண். இங்கேதான் பலர் இடறுகின்றனர், நாமும் இடறினோம். எழுத்து வலமிருந்து இடமாகச் செல்லினும், எண் நம்முடையதைப் போலவே இடமிருந்து வலமாகப் பெரிய தானத்தை முன்வைத்து எழுதப்படும். ஒன்று ஒரு நிமிர்ந்த கோடு. இரண்டு, தலையில் ஒரு வளைவுள்ள கொக்கி; மூன்றில் அவ்வளைவு இரண்டாகும். நான்கு, நமது 3 என்னும் இலக்கத்தைக் கண்ணாடியிற் பார்த்தது போன்றது. ஆறு, நமது 7 ஐ ஒக்கும். ஏழு, மேல்நோக்கி விரிந்த கோணம். எட்டு, அதனைக் கவிழ்த்தது. ஒன்பது நமது 9 ஏ. இடர் விளைப்பவை எஞ்சிய இரண்டும். ஐந்து என்பது ஒரு சிறு வட்டம்; சுழியம் என்பதோ வெறும் புள்ளி. வட்டத்தைக் கண்டவுடன் சுழியம் என எண்ணுதல் எமக்கு இயல்பு. இந்த ஒரு மயக்கத்தினால் ஐம்பது பராவைச் சுழியமென்றும், பதினைந்தைப் பத்தென்றும் கொண்டு, ஒரு மாதத்து வேலையை நாம் மீளவும் செய்ய நேர்ந்தது.

நாணய வாய்பாடு சுருக்கமானது. நாற்பது பரா ஒரு குருஷ். நூறு குருஷ் ஒரு லிரா. குருஷைப் பிரெஞ்சு மொழியிற் பியாஸ்தர் என எழுதினர். ஆதலால் ஒரே முத்திரையில் அரபு எழுத்தில் குருஷும் இலத்தீன் எழுத்தில் பியாஸ்தரும் காணப்பட்டால் அவை வெவ்வேறு நாணயங்கள் அல்ல.

ஆண்டைக் கணித்தலுக்கும் ஒரு திறவுகோல் உண்டு. அரச அலுவல்களில் ரூமி என்னும் நிதியாண்டுக் கணக்கு வழங்கியது. தபாற் குறியிலோ மேலச்சிலோ ரூமி ஆண்டைக் கண்டால் அதனோடு 584 ஐக் கூட்டுக. நமது ஆண்டு வரும். 1330 என்றிருந்தால் 1914. 1331 என்றிருந்தால் 1915. அக்காலத்து ரூமி ஆண்டு மார்ச்சு நடுப்பகுதியிலே பிறந்தமையால், யனவரி, பெப்ரவரித் திகதிகளுக்கு மட்டும் 585 ஐக் கூட்ட வேண்டும். முஸ்லிம்களின் சமயக் கணக்காகிய ஹிஜ்ரி ஆண்டு வேறானது. அதனோடு இக்கூட்டல் பொருந்தாது. துருக்கியர் 1926 தொடக்கத்தில் ஐரோப்பியக் கணக்குக்கு மாறினர்.

இனி முத்திரைத் தொடர்களை நோக்குவாம்.

துருக்கியில் அரச தபாற் சேவை 1840 இல் நிறுவப்பட்டது. பிரித்தானியாவில் உலகின் முதன் முத்திரை வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே. ஆயினும் துருக்கியின் முதன் முத்திரைகள் 1863 யனவரியிலேதான் தோன்றின. நமது தீவு 1857 இலேயே முத்திரை கண்டுவிட்டது என்பதை இளைய மாணவர் சிறிது பெருமையுடன் நினைவுகூரலாம். அந்த முதற்றொடர் கொன்ஸ்தாந்திநோபிளிலேயே கல்லச்சில் அச்சிடப்பட்டது. மெல்லிய வண்ணக் கடதாசியிற் கரிய மை, மேலே அப்துல் அசீஸின் துக்ரா, கீழே பிறை, பிறையினுள்ளே பேரரசின் பெயர். 20 பரா மஞ்சட் கடதாசியிலும், 2 குருஷ் பசுமை கலந்த நீலக் கடதாசியிலும், 5 குருஷ் ரோசா நிறக் கடதாசியிலும் வந்தன. சுற்றிலும் பல்வரிசை கிடையாது, கத்தரிகோலாலேயே வெட்டினர். முத்திரையின் அடியிலே வண்ணப்பட்டியொன்று குறுக்காக ஓடும். அதில் நிதி அமைச்சின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். பட்டி பாதி அறுந்திருந்தால் முத்திரை போலியென எண்ணிவிடல் ஆகாது. வெட்டியவரின் கைத்தவறே அது. தாளில் முத்திரைகள் அடுக்கப்பட்ட முறையினாலே ஒன்று நேராகவும் மற்றது தலைகீழாகவும் அமைந்த இணைகளும் கிடைக்கின்றன. சேகரிப்போர் அவற்றைப் பிரிக்காமல் வைத்திருப்பர்.

இரண்டாவது தொடரே எமது உள்ளத்துக்கு மிக உகந்தது. 1865 இல் வந்த அதனை வரைந்த துலோஸ் என்பவரின் பெயராலேயே உலகெங்கும் அழைக்கின்றனர். பாரிசிலே புவாத்வேன் அச்சகத்தில் அச்சிடப்பட்டது. நடுவே நீள்வட்டத்துள் பிறையும் விண்மீனும், சுற்றிலும் கொடிப்பின்னல். இதில் ஒரு விந்தை உண்டு. எல்லா விலைகளுக்கும் ஓவியம் ஒன்றே. ஓவியத்தில் நாட்டின் பெயரும் இல்லை, விலையும் இல்லை. அவ்விரண்டையும் கரிய மேலச்சாகப் பின்னர் பொறித்தனர். மேலச்சு இல்லாவிடின் அது பேசாத முத்திரை. ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் இவ்வோவியமே மீண்டும் மீண்டும் அச்சேறியமையால், நிறத்தின் சாயலும் பல்வரிசையும் மேலச்சின் எழுத்துருவும் பதிப்புக்குப் பதிப்பு வேறுபடும். நிறத்தை மட்டும் நம்பி விலையைக் கூற முற்படுதல் தவறு. 1865 இல் மஞ்சள் நிறம் 20 பராவுக்கு உரியது; சில ஆண்டுகளின் பின் அதே மஞ்சள் ஒரு குருஷுக்குச் சென்றது, 20 பரா பச்சையாயிற்று. தபாற் கட்டணம் குறைந்த கடிதங்களுக்கான முத்திரைகளோ கபில நிறம் பெற்றன. இத்தொடரில் ஐம்பது முத்திரைகளைக் கையிற் கொண்டு அமர்ந்தால் ஒரு மழைக்கால விடுமுறை இனிது கழியும். விலையும் பெரிதன்று, பாவித்தவை பல இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன.

1874 இல் பேர்ண் நகரில் இருபத்திரண்டு நாடுகள் கூடி அனைத்துலகத் தபாற் சங்கத்துக்கு அடிகோலின. துருக்கியும் அவற்றுள் ஒன்று. பிறநாட்டுக்குச் செல்லும் கடிதத்தின் முத்திரையைப் பிறநாட்டாரும் படிக்க வேண்டும் என்னும் நிலை அதனால் உண்டாயிற்று. எனவே 1876 இல் துலோஸ் முத்திரைகளின் மேல் ஐரோப்பிய இலக்கங்களைப் பொறித்து வெளியிட்டனர்; கால் பியாஸ்தர், அரைப் பியாஸ்தர், ஒன்றேகாற் பியாஸ்தர் என அவை இருக்கும். மேற்கூறிய வாய்பாட்டின்படி ஒன்றேகாற் பியாஸ்தர் ஐம்பது பரா என்பதை வாசகர் தாமே கணித்துக்கொள்வர். அதே ஆண்டில் புதிய தொடரொன்றும் வந்தது. அதிலேதான் முதன்முதலாக "எம். ஒட்டோமன்" எனப் பேரரசின் பெயர் பிரெஞ்சு மொழியில் இலத்தீன் எழுத்திலே தோன்றிற்று. அரபு எழுத்து அறியாத மாணவன் அச்சமின்றித் தொடங்கத்தக்க இடம் இதுவே.

1892 இன் தொடரில் துக்ராவும் அரசச் சின்னமும் சேர்ந்து வந்தன. 1901 இல் உள்நாட்டுக்கு ஒன்றும் வெளிநாட்டுக்கு ஒன்றுமாக இரு தொடர்கள் வந்தன. இவற்றை விரித்தல் வேண்டா. ஆனால் 1898 இன் முத்திரைகளைக் கூறாது செல்லல் இயலாது. அவை எண்கோண வடிவின. முந்திய ஆண்டு கிரேக்கத்தோடு நிகழ்ந்த போரில் வென்ற துருக்கிப் படை தெசாலி மாநிலத்தில் தங்கியிருந்தபோது அப்படைவீரரின் பாவனைக்கென அச்சிடப்பட்டவை. லாரிசா நகரப் பாலமும் துக்ராவும் அவற்றிலே காணப்படும். வடிவின் கவர்ச்சியாற் பொய்யாளரும் இவற்றிலே பெரிதும் கைவைத்தனர். அச்சு மங்கி, பல்வரிசை ஒழுங்கு குலைந்த எண்கோணத்தைக் கண்டால் இருமுறை சிந்திக்குக.

1901 இன் பின் வந்த சில முத்திரைகளில் ஒரே ஓர் அரபு எழுத்து, படகு போன்ற வளைவும் அதன் கீழே ஒரு புள்ளியுமாக, மேலச்சிடப்பட்டிருக்கும். அச்சிறு எழுத்தின் பின்னால் ஒரு பேரரசின் மனத்தாங்கல் உள்ளது. சுல்தான்கள் பிறநாட்டாருக்கு வழங்கியிருந்த பழைய சலுகைகளைப் பயன்படுத்தி, ஒஸ்திரியா, பிரான்சு, ருசியா, பிரித்தானியா, யேர்மனி, இத்தாலி ஆகிய நாடுகள் துருக்கியின் நகரங்களிலே தத்தம் தபாற் கந்தோர்களை நடத்தி வந்தன. பிரித்தானியக் கந்தோர் 1885 முதல் விக்டோரியா அரசியின் முத்திரைகளின் மேல் பரா, பியாஸ்தர்க் கணக்கை அச்சிட்டு விற்றது. இரண்டரைப் பென்சு முத்திரை நாற்பது பராவாயிற்று. தன் தலைநகரத்துத் தெருவிலே தன் முத்திரைக்குப் போட்டியாகப் பிறர் முத்திரை விற்கப்படுவதைத் துருக்கி தடுக்க முடியவில்லை. எனவே வெளிநாட்டுக் கடிதங்களுக்கான தன் முத்திரைகளைக் கழிவு விலையில் விற்றது. அவ்வாறு கழிவுக்கு விற்றவற்றின் அடையாளமே அந்த ஓரெழுத்து. ஏட்டிலே இதனை வெறும் அச்சுக்கறை எனக் கருதி ஒதுக்கியவர்களை நாம் கண்டதுண்டு. கொன்ஸ்தாந்திநோபிளின் பிரித்தானியக் குறியிட்ட விக்டோரியா முத்திரையையும் ஏட்டின் இங்கிலாந்துப் பக்கத்திலிருந்து எடுத்து இங்கே கொணர்தல் தகும்.

1908 இல் அரசியல் யாப்பு மீட்கப்பட்டது. அதற்கும் ஒரு நினைவுத் தொடர் வந்தது. 1913 இல் தலைநகரின் புதிய தபாற் பெருமனை முத்திரை ஏறிற்று. அவ்வாண்டிலேயே, பால்கன் போரில் இழந்த எதிர்னே நகரை மீளப் பெற்றதன் நினைவாகச் செலிமியே பள்ளிவாசலின் படம் வந்தது. அதன்பின் 1914 யனவரியில் வெளிவந்த காட்சித் தொடர், அழகினால் எல்லாவற்றையும் விஞ்சுவது. இலண்டனிலுள்ள பிராட்பரி வில்க்கின்சன் நிறுவனத்தார் செப்புத்தகட்டு வேலைப்பாடாக அதனை அச்சிட்டனர். குதிரைப் பந்தயத் திடலின் கற்றூண், கடல் நடுவே நிற்கும் கன்னிக் கோபுரம், பெனர் கலங்கரை விளக்கம், ருமேலிக் கோட்டை, சுல்தான் அகமது பள்ளிவாசல், ஹமிதியே போர்க்கப்பல் எனக் கொன்ஸ்தாந்திநோபிளைச் சுற்றிக் காட்டும் படப்புத்தகம் போன்றது அத்தொடர். அதன் உச்ச விலையாகிய 200 குருஷ் முத்திரையிலேதான் சுல்தான் ஒருவரின் முகம் முதன்முதல் அச்சேறியது. அதனை வாங்கும் பேறு எமக்குக் கிட்டவில்லை; சிறுவிலை முத்திரைகளோ சில்லறைக்கே கிடைக்கும்.

அவ்வாண்டு முடியுமுன் உலகப்போர் மூண்டது. துருக்கி ஒக்ரோபர் முதலாந் திகதி பிறநாட்டாரின் சலுகைகளை நீக்கி, அந்நியத் தபாற் கந்தோர்களை மூடுவித்தது. சில மாதங்களுக்கு முன் வந்த காட்சித் தொடரின் மீதே அச்செய்தியையும் 1330 என்னும் ஆண்டையும் மேலச்சிட்டு வெற்றியைக் கொண்டாடிற்று. ஆயின் அச்சகம் இருந்த இலண்டன் பகைவரின் தலைநகராயிற்று. புதிய முத்திரைகளுக்குப் பின்னர் வியன்னாவை நாடினர். அதுவும் போதாமையாற் களஞ்சியத்திற் கிடந்த பழைய முத்திரைகளையெல்லாம் வெளியே எடுத்து, பிறையும் விண்மீனும் ஆண்டும் பொறித்தனர். 1917 இல் எருதின் தலையைப் பொறித்தனர். இருபதும் முப்பதும் ஆண்டு பழைய முத்திரை ஒன்றின் மேல் எருதுத் தலையைக் கண்டு இளஞ்சேகரிப்போர் திகைப்பர். மேலச்சின் ஆண்டே பாவனையின் ஆண்டு. அடியிலுள்ள ஓவியத்தின் ஆண்டு அன்று.

இனிப் பேரரசு உடைந்த வரலாறு. இதனை நூலிற் படிப்பதிலும் ஏட்டிற் காண்பது தெளிவு. துருக்கி முத்திரையின் மேல் இருதலைக் கழுகு பொறித்திருந்தால் அது 1913 இன் அல்பேனியா. கிரேக்க எழுத்துக்கள் குறுக்கே ஓடினால் 1912 இல் மித்திலீன் தீவைப் பிடித்த கிரேக்கர். ஆங்கிலத்திற் பக்தாதின் பெயரும் "பிரித்தானியர் வசம்" என்னும் பொருள்படும் சொற்களும் அணாக் கணக்கும் இருந்தால், 1917 மார்ச்சில் நகரைக் கைப்பற்றிய பிரித்தானிய இந்தியப் படையினர் அங்கே கிடைத்த துருக்கி முத்திரைகளைக் கொண்டு அவ்வாண்டிலேயே வெளியிட்டவை. மிக அரியன, கண்டால் வல்லாரிடம் காட்டாமல் நம்புதல் வேண்டா. அடுத்த ஆண்டு ஈராக்குக்கென அதே காட்சித் தொடரின் ஓவியங்களை அதே இலண்டன் அச்சகத்தார் அச்சிட்டு, அணாவும் ரூபாவும் மேலே பொறித்து அனுப்பினர். கொன்ஸ்தாந்திநோபிளின் கலங்கரை விளக்கத்துக்கு இந்திய நாணயத்தில் விலை! சிலீசியாவிற் பிரெஞ்சுக்காரர், தமாஸ்கசில் 1919, 1920 ஆம் ஆண்டுகளில் அராபிய அரசு, 1925 இல் நெஜ்து என்போரும் பழந்துருக்கி முத்திரையைத் தம்வயப்படுத்தியோரே. ஆதலால் இம்முத்திரைகளை எப்பக்கத்தில் ஒட்டுவது என்னும் வினா எழும். அட்டவணை நூல்கள் மேலச்சிட்ட நாட்டின் கீழ் வைக்கின்றன. நாமோ துருக்கிப் பக்கங்களின் இறுதியிலேயே வைத்தோம். பிறந்த வீட்டின் அருகில் இருப்பதே அவற்றுக்குப் பொருத்தம் என்பது எமது துணிபு.

துருக்கியினது போலத் தோன்றும் பிறவற்றையும் அறிந்திருத்தல் வேண்டும். சிங்கமும் அதன் முதுகிற் சூரியனும் இருந்தால் பாரசீகம். வட்டத்தின் நடுவே புலித்தலை இருந்தால் ஆப்கானித்தானத்துப் பழைய முத்திரை. நான்கு மொழிகளில் எழுத்திருந்தால் கிழக்கு ருமேலியா. 1916 முதல் வந்த ஹெஜாஸ் முத்திரைகளில் நுண்ணிய அராபியக் கோலங்கள் இருக்கும், துக்ரா இராது. எகிப்தின் 1866 ஆம் ஆண்டு முதற்றொடர் மிகவும் மயக்குவது; கோலமும் கரிய மேலச்சுமாகத் துலோஸ் தொடரின் தம்பி போன்றது. மறு ஆண்டே அங்கே சிங்கமுக மாதுவும் கூர்ங்கோபுரமும் வந்துவிட்டமையால் பிற்பட்டவற்றில் ஐயமில்லை. அந்த எகிப்திலிருந்து 1883 இல் அராபி பாஷாவும் தோழரும் நமது தீவுக்கு நாடுகடத்தப்பட்டு ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் இங்கு வாழ்ந்தனர். அக்காலத்துக் கடித உறைகள் கொழும்பிலும் கண்டியிலும் பழைய வீடுகளிற் கிடத்தல் கூடும்.

போலிகளைப் பற்றி ஒரு சொல். போர்க்கால மேலச்சுக்களிற் போலி மலிந்துள்ளது; ஏனெனில் மலிவான உண்மை முத்திரையின் மேல் ஒரு சிறு அச்சைக் குத்திவிட்டால் அரிய முத்திரை ஆகிவிடுகின்றது. பாவித்த முத்திரையாயின் ஒரு சோதனை எளிது. உருப்பெருக்கியில் நோக்கும்போது தபாற் குறியின் மை மேலச்சின் மீது படிந்திருத்தல் முறை. மேலச்சு தபாற் குறியின் மீது ஏறியிருந்தால், கடிதம் சென்று சேர்ந்தபின் எவரோ கைவேலை செய்துள்ளார் என்க.

தபாற் குறியே தனித்ததொரு செல்வம். முதற் காலத்தில் "செல்லாது" எனப் பொருள்படும் "பத்தால்" என்னும் சொல்லையே குறியாகக் குத்தினர். பின்னர் ஊர்ப்பெயர் பொறித்த கரிய முத்திரைகள் வந்தன. அதன்பின் துருக்கியும் பிரெஞ்சும் சேர்ந்த வட்டக் குறிகள். பேரா, கலாத்தா, ஸ்மிர்ன், பெய்ரூத், சலோனிக் எனப் பிரெஞ்சிற் படிக்கலாம். சில்லறைக்கு வாங்கிய முத்திரையும் அருகிப்போன சிற்றூரொன்றின் குறியைத் தாங்கினால் மதிப்புப் பன்மடங்காகும். இதனை அறியாக் காலத்தில் நாம் இழைத்த பிழையொன்று இன்றும் உறுத்துகின்றது. உறவினர் ஒருவர் பழைய நூல்களிடையே கண்டெடுத்துத் தந்த உறையொன்றில் மூன்று துருக்கி முத்திரைகள் இருந்தன. முத்திரைதானே வேண்டும் என்று உறையைத் தண்ணீரில் ஊறவைத்து மூன்றையும் உரித்தெடுத்து, உறையை எறிந்துவிட்டோம். முத்திரைகள் மூன்றும் எவரிடத்தும் உள்ள சாதாரண வகையின. எறிந்த உறையிலோ புறப்பட்ட ஊரின் குறியும் இடைத்தங்கிய துறைமுகத்தின் குறியும் வந்து சேர்ந்த குறியும் இருந்தன. எந்த ஊர் என்பதை இனி அறிய வழியில்லை. உறையோடு கிடைத்ததை உறையோடே வைத்திருங்கள்.

பேணும் முறையில் நமது காலநிலைக்கு ஏற்ற எச்சரிக்கை வேண்டும். மாரிகாலத்து ஈரம் முத்திரையில் துருப்போன்ற கபிலப் புள்ளிகளை உண்டாக்கும். பின்புறப் பசை ஏட்டோடு ஒட்டிவிடும். ஏடுகளைப் படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி வைத்தல் நன்று. ஐப்பசி, கார்த்திகையிற் திறவாமலிருந்து, தை பிறந்து வெயில் கண்டபின் நிழலிற் காற்றாடவிடுதல் வேண்டும். வெள்ளிப்பூச்சிக்குப் பசை பிடித்த உணவு. கையால் எடுக்காது சாமணத்தாலே எடுக்குக. 1863 இன் மெல்லிய கடதாசி தண்ணீரிற் குழைந்துபோகும். அதனை ஊறவிடவே வேண்டா. பல்வரிசையை அளக்க இரண்டு சதமமீற்றரில் எத்தனை பற்கள் என எண்ணுவதே உலக வழக்கு. அளவட்டை கிடையாதாயின் அடிமட்டமும் பொறுமையும் போதும். ஆழ்ந்து கற்க விரும்புவோர்க்கு அடோல்ப் பசர் 1938 இல் இலண்டனில் வெளியிட்ட துருக்கி முத்திரை பற்றிய பெருநூல் இன்றும் கைவிளக்கு.

எவ்விடத்தில் நிறுத்துவது? சிலர் சுல்தான் பதவி ஒழிக்கப்பட்ட 1922 நவம்பரோடு ஏட்டை மூடுவர். அவ்வாறாயின் அங்காரா அரசின் முத்திரைகள் இரண்டாகப் பிளவுபடும். 1920 முதல் அவ்வரசு முத்திரைத் தட்டுப்பாட்டாற் கண்ட கண்ட வருமான முத்திரைகளை, நீதிமன்றக் கட்டண முத்திரைகளை, ஹெஜாஸ் புகையிரதப் பாதைக்கு வரி திரட்டிய முத்திரைகளைக்கூட மேலச்சிட்டுத் தபாலுக்கு விட்டது. 1922 இல் இத்தாலியின் ஜெனோவா நகரில் அச்சிட்ட தொடரிலோ துக்ரா இல்லை. துருக்கியரின் பழங்கதையில் வரும் சாம்பல்நிற ஓநாய் நிற்கின்றது. இவ்விரண்டையும் விட்டுவிட்டு ஏட்டை மூட எமக்கு மனம் வரவில்லை. குடியரசு 1923 ஒக்ரோபரில் மலர்ந்தபின்னும் அரபு எழுத்து முத்திரையில் நிலைத்தது. 1928 நவம்பரிற் சட்டம் இயற்றி இலத்தீன் எழுத்தை ஏற்றனர். அதன்பின் வந்த முத்திரைகளை எவரும் படிக்கலாம். அவை பெயரில்லாப் பக்கத்துக்குச் செல்வதில்லை. ஆகையால் நாம் அவ்வாண்டோடு நிறுத்தினோம். "அராபியா" என்னும் பழைய தலைப்பை அழிக்காமல், அதன் கீழே "துருக்கி, 1863 முதல் 1928 வரை" எனச் சிறிய எழுத்தில் எழுதி வைத்துள்ளோம்.